லூர்து நேர்ந்துகொண்ட முட்டி

பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால் இப்போதெல்லாம் யாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வலது முட்டியைத்தான் பார்க்கிறார்கள். "அந்தோணியண்ணே, ஆபரேசன் பண்ணிக்கிட்டீங்களா, இல்ல எக்சர்சைஸ்லயே சரியாயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அவர்களுடைய முட்டியே வலிக்கிறது. வாசலில் நின்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நின்றால் கால் வேறு கனக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. டாக்டர்கள் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். எல்லார் முட்டிக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை.

சிங்கப்பூர்த் தேக்காவுக்குப் பக்கத்துச் சந்தில், மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில்லில் எனக்கு வேலை. ஒரு பலகைமேல் ஏறி நின்று மேலே உள்ள தொட்டியில் சரக்கைக் கொட்ட வேண்டும். அன்றைக்குக் கொட்டிவிட்டு இறங்கினேன். கால் தரையில் பட்ட நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அம்மா, "என்னோடது வறுத்த மல்லி, அடுத்தவங்க மல்லியோட கலந்துடாதீங்க" என்றார். திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் ஈரத் துணியைக் கிழித்தது போல் இருந்தது. நான் விழக்கூட இல்லை. அந்த அம்மாவின் மல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் முட்டி பப்பாளி மாதிரி வீங்கிவிட்டது.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தைலம், ஒத்தடம், சீன வைத்தியரின் கறுப்புப் பற்று. வீக்கம் வற்றும், மறுபடி வரும். இப்படியே சில வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் வீட்டில் செபமாலை முடிந்து எழப் பார்த்தேன். முட்டி எழவில்லை. மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. என் மனைவி லூர்து மேரி, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வந்தவள், "என்னங்க, இன்னுமா செபம் பண்றீங்க?" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு கிளமெண்டியில். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது, ஒரு மாடி இறங்கித்தான் ஏற வேண்டும். அந்த ஒரு மாடியை நான் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். முன்னால் என் மகள் ஸ்டெல்லா காலைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் லூர்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். ரயிலுக்காகச் சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. டாக்சி சுற்றிச் சுற்றிப் போனது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் லூர்து, "மாதாவே" என்றாள். டாக்சிக்காரரும் கடைசியில் அவள் சொல்வதற்கு முன்பே பிரேக் போடப் பழகிவிட்டார்.

அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை என்றார்கள். எனக்கு நிம்மதி. ஆனால் டாக்டருக்கு நிம்மதியில்லை. முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை மாதிரி இரண்டு மெத்தைகள் இருக்கின்றனவாம். குருத்தெலும்பு என்று தமிழில் சொல்வோமே, அதுதான். வயதானால் அது காய்ந்த தோல் மாதிரி ஆகிவிடும், சின்னத் திருகலுக்கே கிழியும். கிழிந்த துண்டு இடையில் போய் மாட்டிக்கொண்டால் கதவுக்கடியில் துணி மாட்டினது போலத்தான், திறக்கவும் திறக்காது, மூடவும் மூடாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், குருத்து தெரியாது. அதனால் இன்னொரு சோதனை செய்தார்கள். முட்டிக்குள் ஊசி போட்டு மருந்தும் காற்றும் ஏற்றிப் படம் எடுத்தார்கள். ஊசி வலித்தது. அதைவிட, அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காலை அசைத்தாலே உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டது. அரைக் குடம் தண்ணீரை மடியில் வைத்திருப்பது போல இருந்தது. நர்சம்மாவை நாங்கள் மிஸ்ஸி என்போம்; காற்று தானாகவே போய்விடும் என்று மிஸ்ஸி சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு போய்விட்டது.

வார்டில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். மேலே மின்விசிறி. என் காலில் துணி சுற்றி, கயிறு கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டார்கள். மெல்ல இழுத்து இழுத்துப் பூட்டைத் திறக்கப் பார்க்கிறார்களாம். மல்லாந்து கிடப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. சுகமில்லாதவர்களுக்குப் பொழுது எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். போகாது. காலையில் சுடுதண்ணீர், பிறகு டாக்டர்கள் வருகை, பிறகு சோறு, பிறகு பார்வை நேரம் வரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பது. நான் நல்லவன் என்று சொல்லவில்லை, செபமாலையை எடுத்தால் இரண்டாவது தேவ இரகசியத்திலேயே தூங்கிவிடுவேன்.

பெரிய டாக்டர் ஒரு காலையில் வந்து, படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முட்டியைத் திறந்து கிழிந்த குருத்தை எடுத்துவிடலாம் என்றார். அவரோடு வந்த சின்ன டாக்டர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். பெரியவர் தலையை ஆட்டினார், ஆனால் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவர்கள் போன பிறகு சின்ன டாக்டர் மட்டும் திரும்பி வந்து மலாயில் எனக்கு விளக்கினார். மெத்தையை எடுத்துவிட்டால் மாட்டிக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் மெத்தை இல்லாத இடத்தில் எலும்பும் எலும்பும் உரசும். என் வயதில் ஏற்கெனவே கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது. தொடைச் சதையைப் பலப்படுத்தினால் முட்டியின் பாரத்தைச் சதை வாங்கிக்கொள்ளும், சிலருக்கு அதுவே போதும். ஆனால் முட்டி பூட்டியே கிடந்தால் வேறு வழியில்லை, திறக்கத்தான் வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பெரியவர். லாரி ஓட்டினவர். மலாயில் பெரியவர்களைக் கூப்பிடுவது போல நான் அவரைப் பாக்சிக் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்கு இளவயதிலேயே குருத்தை எடுத்துவிட்டார்களாம்.

"எடுத்தப்ப எப்படி இருந்துச்சு பாக்சிக்?"

"நல்லா இருந்துச்சு. பந்துகூட விளையாடினேன்."

"இப்ப?"

"இப்ப இங்க இருக்கேன் லா" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்னு பயப்படாத. நான் லாரி ஓட்டினவன், கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சே பாதி போச்சு. நீ மிளகா அரைக்கிறவன்தானே" என்றார்.

எனக்குக் கத்தி பயம். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. மயக்க மருந்து கொடுத்து, நான் இல்லாத நேரத்தில் என் உடம்பைத் திறப்பார்களே, அந்த நினைப்புத்தான். மில்லில் நாள் சம்பளம், படுத்தால் பணம் இல்லை என்ற கவலையும் இருந்தது. ஸ்டெல்லா அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டாள். வேலை முடிந்து தூக்கக் கண்ணோடு வந்து, என் கால் நகங்களை வெட்டிவிட்டுப் போவாள்.

ஆபரேசனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் பார்வை நேரத்தில் லூர்து வந்தாள். மிளகு ரசம் கொண்டுவந்திருந்தாள், எனக்கு இறங்கவில்லை. என் முட்டியில் சிலுவை வரைந்தாள். மணி அடித்ததும் வேகமாக எழுந்து போனாள்.

மறுநாள் காலில் மயிரெல்லாம் மழித்து, மையால் அம்புக்குறி போட்டு, வெறும் வயிற்றோடு தள்ளுவண்டியில் கொண்டுபோய் ஆபரேசன் அறைக்கு வெளியே கூடத்தில் போட்டார்கள். அங்கேயே கிடந்தேன். கட்டுமான இடத்தில் விபத்தாம், அடிபட்ட இளம் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக உள்ளே கொண்டுபோனார்கள். என் வயிறு காய்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டேன். கடைசியில் எனக்கு இன்று இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வார்டுக்கு வந்து கட்டிலில் மாறிப் படுக்கும்போது, மிஸ்ஸி என் காலைத் தூக்கினார். உள்ளே ஏதோ டக்கென்று வழுக்கியது. கால் நீண்டது. நானே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேராக, சாதுவாக, மற்றக் காலைப் போலவே கிடந்தது.

பெரிய டாக்டர் வந்து மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "சரி, பயிற்சி செய்து பார். மறுபடி பூட்டிக்கொண்டால் பேச்சே கிடையாது, கத்திதான்" என்றார். அவர் சொன்னது முறையான வார்த்தை. அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் லூர்துவிடம் காலை நீட்டிக் காட்டினேன். அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள்.

"நேத்து மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேங்க. அவரு மேல கத்தி படாம வீடு வந்து சேர்ந்தா, திருநாளன்னைக்குக் கோயில் கதவுலேருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே வருவாருன்னு."

"யாரு வருவா?"

"நீங்கதான்."

"ஏண்டி, நோவு முட்டியில. அந்த முட்டியையா நேர்ந்துக்குவ?"

"வேற எதை நேர்றது? நோவு அங்கதானே இருக்கு?"

பாக்சிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு லூர்துவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நம் பங்கில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளாங்கண்ணியில் மணலில் முட்டி போட்டுப் போகிறவர்களைப் பார்த்தவர்கள் நாம். ஒருவருக்காக இன்னொருவர் நேர்ந்துகொள்வதும் வழக்கம்தான். குழந்தைக்குத் தாய் மொட்டை நேர்ந்துகொண்டால் குழந்தையைக் கேட்டா நேர்கிறாள்?

வீட்டுக்கு வந்தோம். எங்கள் கழிவறை குந்தி உட்காரும் கழிவறை. குந்தினால் முட்டி மறுபடி பூட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வருமுன்பே லூர்து பழைய மர நாற்காலி ஒன்றின் நடுப் பலகையை ரம்பத்தால் வட்டமாக அறுத்து அதன்மேல் போட்டு வைத்திருந்தாள். விளிம்பில் பழைய போர்வையைச் சுற்றித் தைத்திருந்தாள். கை முழுக்கக் கொப்புளம். நானாகத்தான் கையைப் பார்த்தேன்.

பயிற்சிக்கு வாரா வாரம் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே நீளமான பெஞ்சு, அதில் எல்லாம் முட்டிகள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். மிஸ் லிம் என்ற இளம் பெண்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அமுக்கச் சொல்வார். தொடையின் முன்சதை இறுகும். அவ்வளவுதான். இதுவா வைத்தியம் என்று தோன்றும். பிறகு காலை நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்க வேண்டும். பிறகு நகராத சைக்கிள். வீட்டிலும் காலை மாலை இதையே செய்ய வேண்டும்.

இதன் அலுப்பைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். கத்தி என்றால் ஒரு நாள் பயம். இது தினமும். இன்றைக்குச் செய்ததற்கு நாளைக்குப் பலன் தெரியாது. சில வாரம் வலி கூடவும் செய்யும். பேசாமல் அறுத்துக்கொண்டிருக்கலாமே என்று பல நாள் நினைத்தேன். ஒருநாள் மிஸ் லிம்மிடமே சொல்லிவிட்டேன். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், ஆபரேசன் பண்ணினாலும் அப்புறம் என்கிட்டதான் வரணும் லா. இதே துண்டு, இதே மணல் பை" என்றார்.

அப்போதுதான் நேர்ச்சையைப் பற்றி அவரிடம் சொன்னேன். திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த மணல் பையைக் கீழே வைத்தார்.

"அங்கிள், முட்டியை நல்லாக்குங்கன்னு சாமிகிட்ட கேட்டீங்க. நல்லாக்கினா உடைச்சுத் தரேன்னு சொன்னீங்களா?"

"நான் சொல்லலை. என் மனைவி."

"உங்க கோயில் எவ்வளவு நீளம்?"

கையை விரித்துக் காட்டினேன். போதவில்லை. "ரொம்ப நீளம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கிழிந்த துண்டு உள்ளேதான் இருக்கிறது, ஒட்டிவிடவில்லை, சதைதான் முட்டியைத் தாங்குகிறது, முட்டி போட்டு நடந்தால் முழு மடிப்பில் பாரமெல்லாம் அதன்மேல் விழும், மறுபடி மாட்டிக்கொள்ளும் என்றார். மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும்.

பூசையில் நான் முட்டி போடாமல் உட்கார்ந்திருப்பதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுந்தேற்ற நேரத்தில் கோயில் முழுக்க முழந்தாளில் இருக்கும், நான் மட்டும் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "அண்ணே, முட்டி போடுங்க, எழுந்தேற்றம்" என்று முதுகில் தட்டினார். மேலே நற்கருணை உயர்ந்திருக்கிறது, நான் என்ன விளக்கம் சொல்வேன்? தலையை மட்டும் குனிந்துகொண்டேன்.

பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "லூர்து, நேர்ச்சையை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கும்மா. முட்டிக்குப் பதிலா ஏழைங்களுக்கு ஒருவேளை சாப்பாடு போடுங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். லூர்து, "சரிங்க சாமி" என்று ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சொன்னாள்:

"சாமி நல்லவருதான். ஆனா நான் அவருகிட்டயா சொன்னேன்? மாதாகிட்டல்ல சொன்னேன்."

"அப்ப என்ன பண்றது?"

"சாப்பாடும் போடுவோம்."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் பாரமாக இருந்தது. ஒருபுறம், எனக்காக அவள் கொடுத்த வாக்கைப் பொய்யாக்குவேனா என்ற பயம். இன்னொருபுறம், அம்புக்குறி போட்ட காலோடு அந்தக் கூடத்தில் மறுபடி கிடப்பேனா என்ற பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். மாதாவின் வேலையா மிஸ் லிம்மின் வேலையா என்று ஸ்டெல்லா ஒருநாள் கேட்டாள். இரண்டும்தான் என்றேன். மாதா மணல் பை கட்டிவிட மாட்டார், ஆள்தான் அனுப்புவார்.

திருநாள் அன்று பிற்பகல் நான் முடிவு செய்துவிட்டேன். முட்டியில் கனமாகத் துணி சுற்றி, அதன்மேல் காற்சட்டை போட்டேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"அப்பா, என்ன இது? கிறுக்கா உங்களுக்கு?"

"உங்கம்மா சொல்லிட்டா."

"அம்மா சொன்னா ஆச்சா? யாரு கால்?"

லூர்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். என் முட்டியின் பருமனை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

கோயில் கதவருகே நல்ல கூட்டம். முட்டி போட்டுப் போகிறவர்களுக்காக நடுவழியை விட்டிருந்தார்கள். முன்னால் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, கதவைப் பிடித்தபடி இடது முட்டியை முதலில் இறக்கப் பார்த்தேன். என் கையை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் லூர்து. அவள் ஏற்கெனவே கீழே இருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு முட்டியும் தரையில். கனத்த உடம்பு அவளுக்கு, மூச்சு அப்போதே வாங்கியது.

"நில்லுங்க. நீங்க போடாதீங்க."

"நீதானே சொன்ன, அவரு வருவாருன்னு?"

"வருவீங்க. நடந்து வருவீங்க. முட்டி போடுறேன்னு சொன்ன வாய் என்னுது, நானே போட்டுக்கிறேன். மாதாவுக்குத் தெரியாதா யாரு முட்டின்னு?"

"உன் உடம்புக்கு ஆகாது லூர்து."

"என் பின்னால வராதீங்க. முன்னாடி நடங்க. நீங்க நடக்கிறதைப் பார்த்துக்கிட்டே வரேன்."

எனக்குக் கண் மறைத்தது. ஸ்டெல்லா அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கொடுத்தாள், லூர்து வேண்டாமென்று தள்ளிவிட்டாள். நான் முன்னால் நடந்தேன். குதிகாலை முதலில் வை, முட்டியைப் பின்னுக்குத் தள்ளாதே என்று மிஸ் லிம் சொன்னபடியே வைத்தேன். சுற்றிய துணி காற்சட்டைக்குள் அவிழ்ந்து கணுக்காலில் தொங்கியது. யாரோ சிரித்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை. பின்னால் சேலை தரையில் உரசும் சத்தம், செபமாலை மணி உருளும் சத்தம், அவள் மூச்சு. அவள் வேகத்துக்கு மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. மெதுவாக நடப்பதுதான் முட்டிக்குக் கடினம்.

பாதி வழியில் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. நானும் நின்றேன். திரும்பிப் பார்க்கப் போனேன்.

"நிக்காதீங்க" என்றாள், மூச்சுக்கு நடுவே. "நீங்க நின்னா என்னால முடியாது."

நான் நடந்தேன்.